கோட்டைச் சுவரும் கறுப்புக் குடையும்: ஒரு 1986 நெகட்டிவுக்கு நிறம் திருத்திய கதை

பரணில் இருந்த பழைய பிலிம் டின்னின் மூடியைத் திறந்ததும் முதலில் மோந்து பார்த்தேன். அசிட்டேட் பிலிம் கெட ஆரம்பித்தால் வினிகர் வாடை வரும். அது வந்துவிட்டால் பிலிம் சுருங்கி நெளிந்து, மேல்பூச்சு உரிந்து கிளம்பும். போதாக்குறைக்குப் பக்கத்தில் கிடக்கிற நல்ல பிலிமையும் சேர்த்துக் கெடுக்கும். எங்கள் டின்னில் வந்தது அந்துருண்டை வாடை மட்டும்தான். நிம்மதியாக ஏணியை விட்டு இறங்கினேன்.

வேலூர் சத்துவாச்சாரி வீட்டில் அந்தப் பரண், மொட்டைமாடித் தளத்துக்கு ஒரு முழம் கீழே இருக்கிறது. கத்திரி வெயிலில் அங்கே கை நீட்டினால் இட்லிக் குண்டானுக்குள் விட்ட மாதிரி இருக்கும். கலர் பிலிமின் சாயங்கள் வெளிச்சமே படாமல் இருட்டில் இருந்தாலும் சூட்டிலும் ஈரத்திலும் மெல்ல மெல்ல வெளுக்கும். 38 வருஷம் அந்த இடத்தில் இருந்த பிலிம் எந்த நிலைமையில் இருக்குமோ அதே நிலைமையில்தான் இருந்தது.

டின்னில் இரண்டு வகை. அப்பா அம்மா கல்யாணத்துக்கு வந்த ஸ்டூடியோக்காரர் எடுத்த கறுப்பு வெள்ளை 120 ரோல்கள், நன்றாகவே இருந்தன. அதில் படம் வெள்ளியால் ஆனது, வெளுக்கச் சாயமே இல்லை. இன்னொன்று மாமா தன் யாஷிகாவில் எடுத்த இரண்டு 35 மி.மீ. கலர் ரோல்கள். மாமா ராணுவத்தில் இருந்தார், லீவில் வந்தால் கழுத்தில் கேமரா தொங்கும். கலர் ரோலை அப்போது கடையில் கொடுத்து மெட்ராஸுக்கு அனுப்பித்தான் கழுவி வாங்கினதாகச் சொல்வார். அந்தக் கடையின் கவரில் 'வ.ஆ. மாவட்டம்', அதாவது வட ஆற்காடு என்று ரப்பர் ஸ்டாம்ப். 1989-ல் மாவட்டத்தைப் பிரிப்பதற்கு முன்னால், திருவண்ணாமலையும் நம்மோடு இருந்த காலத்துக் கவர்.

அக்காவுக்கு வேண்டியது ஒரே ஒரு படம். கல்யாணமான மூன்றாம் நாள், கோட்டைக்குள் நுழைகிற வழியில் சுவரோரமாக அப்பாவும் அம்மாவும் நிற்பார்கள், பக்கத்தில் பாட்டி குடையோடு. சட்டம் போட்டு மாட்டியிருந்த பிரிண்ட், ஒரு மழைக்காலத்தில் சுவர் ஊறி, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தால் அப்பாவின் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். அப்பா இப்போது இல்லை. தை மாதம் புது வீடு பால் காய்ச்சுவதற்குள் அந்தப் படம் பெரிதாக வேண்டும் என்றாள்.

முதலில் சோம்பல்பட்டு டவுனில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். அப்பா நீலமேக சியாமளனாக நின்றார். அம்மாவின் அரக்குப் புடவை பாசி பிடித்த தொட்டி நிறத்தில் இருந்தது. "பழைய நெகட்டிவ் சார், இவ்ளோதான் வரும்" என்றார் கடைப் பையன். வேண்டுமானால் முகத்தை மட்டும் 'பிரைட்டா' ஆக்கித் தருகிறேன், இருநூறு ஆகும் என்றார். அப்பா நல்ல கறுப்பு. நெகட்டிவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் காரியம் தப்பான காரியம். பட்டர் பேப்பர் உறையில் இருந்த ஸ்ட்ரிப்களில் தூசியும் விரல் ரேகையுமாக இருந்தது. நல்லவேளை, ஆடிப்போன படங்கள் இருந்த ஒரு ஸ்ட்ரிப்பில்தான் கை வைத்தேன். போர் தண்ணீரில் மெதுவாக அலசிக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். காய்ந்ததும் நெகட்டிவ் முழுக்கக் கோலப்பொடி தெளித்த மாதிரி வெள்ளை வட்டங்கள். நம் பக்கத்துத் தண்ணீரில் டீ போட்டால் பாத்திரத்தில் என்ன படியுமோ அதேதான். மெக்கானிக் கடையில் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் வாங்கி வந்து, பத்து நிமிஷம் ஊறவைத்து, புதுத் தண்ணீரில் மறுபடி அலசி எடுத்ததும் வட்டங்கள் போய்விட்டன. இன்னொரு ஸ்ட்ரிப்பில் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை இருந்தது. அதைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரைந்து, படமும் சேர்ந்து போய்விடும். அதைத் தனிக் கவரில் போட்டு வைத்துவிட்டேன். கோட்டைப் படம் இருந்த ஸ்ட்ரிப்பை ரப்பர் பல்பால் ஊதினதோடு சரி.

ஸ்கேனர் வாங்கவில்லை, கேமராவிலேயே எடுத்தேன். பழைய நிக்கான் டி5300 இருந்தது. ராணிப்பேட்டை நண்பரிடம், சின்னப் பொருளைக் கிட்டத்தில் எடுக்கிற 55 மி.மீ. மைக்ரோ லென்ஸ் கடன் வாங்கினேன். அந்த லென்ஸ் தனியாகப் பொருளின் பாதி அளவுக்குத்தான் சென்சாரில் பிம்பம் விழவைக்கும். பிலிம் 36 மி.மீ. அகலம், என் சென்சார் 23.5 மி.மீ.; அதனால் 0.65 மடங்கு வேண்டும். நடுவில் ஒரு எக்ஸ்டென்ஷன் வளையம் போட்டதும் சரியாக வந்தது. கீழே வெளிச்சத்துக்குப் பிள்ளைகள் படம் வரைகிற எல்.இ.டி. டிரேசிங் பேட். அதற்கு மேல் போர்டு எழுதும் கடையில் வெட்டி வாங்கிய பால் நிற அக்ரிலிக் துண்டு. நெகட்டிவைப் பிடிக்க, தடித்த கல்யாணப் பத்திரிகை அட்டை இரண்டை வெட்டிக் கறுப்பு மை அடித்து, நடுவில் ஜன்னல் விட்டேன். தங்க ஜிகினா போட்ட பத்திரிகையை எடுக்காதீர்கள், மை ஒட்டாது.

கேமரா நெகட்டிவுக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. நெகட்டிவ் வைக்கிற இடத்தில் ஒரு சின்னக் கைக்கண்ணாடியை மல்லாக்க வைத்து, வியூஃபைண்டரில் பார்க்க வேண்டும். லென்ஸின் பிம்பம் கண்ணாடியில் தெரியும். அந்தக் கறுப்பு வட்டம் பிரேமுக்கு நட்டநடுவில் வரும்வரை டிரைபாட் தலையை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்குக் கால் மணி நேரம் ஆனது. இதை விட்டுவிட்டால் ஒரு மூலை கூராகவும் எதிர்மூலை மசமசவென்றும் இருக்கும்.

கேமரா செட்டிங்: எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100, கேமரா தன் பங்குக்குத் திருத்தாத ரா ஃபைல், இரண்டு விநாடி டைமர். ஷட்டர் கால் விநாடி. முதலில் 1/60-ல் எடுத்தபோது படத்தில் பட்டை பட்டையாக வந்தது. மலிவு எல்.இ.டி. விட்டு விட்டு எரிகிறது, கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். கால் விநாடியில் பட்டை போய்விட்டது. நெகட்டிவின் மங்கலான பக்கம் லென்ஸைப் பார்த்து இருந்ததால், எடுத்த படத்தை இடவலமாகத் திருப்பிக்கொண்டேன். நெகட்டிவ் இல்லாமல் வெறும் வெளிச்சத்தையும் ஒரு படம் எடுத்து வைத்தேன். பேடின் ஓரங்கள் நடுப்பகுதியைவிட மங்கல், அதைச் சரிக்கட்ட அது உதவும்.

சரி, இப்போது அந்த ஆரஞ்சு விவகாரம். கலர் நெகட்டிவைத் தூக்கிப் பார்த்தால் ஏன் ஆரஞ்சாக இருக்கிறது? நான் வெகுநாள் அது பிலிமின் பிளாஸ்டிக் நிறம் என்று நினைத்திருந்தேன். இல்லை. பிலிமில் உருவாகிற சாயங்கள் சுத்தமானவை அல்ல. பச்சை ஒளியை மட்டும் தடுக்க வேண்டிய மெஜன்டா சாயம், கூடவே கொஞ்சம் நீலத்தையும் தடுத்துவிடுகிறது. அதற்கு 1940-களில் கோடாக்கில் ஹான்சன் என்பவர் ஒரு கெட்டிக்கார வழி செய்தார். மெஜன்டா சாயமாக மாறப்போகிற அந்த மூலப்பொருளையே லேசான மஞ்சளாக வைத்துவிட்டார். சாயம் உருவாகிற இடத்தில் அந்த மஞ்சள் கரைந்துபோகும்; உருவாகாத இடத்தில் மஞ்சள் அப்படியே நிற்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நீலத்துக்கு ஏற்படும் தடை படம் முழுக்க ஒரே அளவு. சயான் சாயத்துக்கும் இதே மாதிரி ஒரு செந்நிற மூலப்பொருள். மிச்சம் நிற்கிற மஞ்சளும் சிவப்பும் சேர்ந்ததுதான் நாம் பார்க்கிற ஆரஞ்சு. அழுக்கைப் போக்க முடியாவிட்டால் எல்லா இடத்திலும் சமமாகப் பூசிவிடு, பிறகு பாத்திர எடையைக் கழிக்கிற மாதிரி மொத்தமாகக் கழித்துக்கொள்ளலாம் என்கிற கணக்கு.

கழிக்கிறது என்றா சொன்னேன்? அங்கேதான் ஸ்டூடியோ ஸ்கேன் தடுக்கி விழுந்தது என்று நினைக்கிறேன். போட்டோஷாப்பில் 'இன்வர்ட்' அமுக்கினால் 255-லிருந்து ஒவ்வொரு எண்ணையும் கழிக்கும். ஆரஞ்சைத் தலைகீழாக்கினால் நீலம், அதனால்தான் அப்பா கிருஷ்ணர் ஆனார். பிலிம் வேலை செய்வது மடங்குக் கணக்கில். படத்துக்கும் படத்துக்கும் நடுவில் உள்ள வெற்று ஆரஞ்சு இடைவெளியை என் கேமராவில் அளந்தேன்: சிவப்பு 80, பச்சை 33, நீலம் 18. படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் இந்த எண்களால் வகுக்க வேண்டும். வகுத்தால் ஆரஞ்சு அடிநிறம் மூன்றிலும் 1 ஆகிவிடும், அதோடு அதன் கதை முடிந்தது. வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி ஒயிட் பேலன்ஸ் செய்வதும் இந்த வேலைதான், வேறொன்றும் இல்லை.

பிறகு தலைகீழாக்குவதும் வகுத்தல்தான், கூடவே ஒரு அடுக்கு, கணக்கில் 'பவர்' என்கிறோமே அது. கலர் நெகட்டிவ் தான் பார்த்த காட்சியைச் சுருக்கி எழுதிக்கொள்கிறது, அந்தச் சுருக்கத்தின் அளவான காமா சுமார் 0.6. நெகட்டிவில் இரண்டு இடங்களுக்கு நடுவில் 4 மடங்கு வித்தியாசம் இருந்தால் எதிரே இருந்த காட்சியில் அது 10 மடங்கு. அந்தச் சுருக்கத்தைப் பிரிக்காமல் விட்டால் படம் சோகையாக இருக்கும். இதெல்லாம் கையால் செய்ய வேண்டியதில்லை. போட்டோ திருத்தும் மென்பொருள்களில், டார்க்டேபிளில் 'நெகடாக்டர்' என்று ஒரு கருவி இருக்கிறது, ராதெரபியில் 'பிலிம் நெகட்டிவ்' இருக்கிறது, இரண்டும் இலவசம். நான் இரண்டிலும் செய்து பார்த்து ராதெரபியில் நின்றேன். காரணம் பின்னால் வருகிறது.

ஒரு சங்கடம் நீலத்தில். 80-க்கு எதிரே 18 என்றால் நீல வழியில் வெளிச்சமே போதவில்லை என்று அர்த்தம். தலைகீழாக்கினதும் வானமும் வேட்டியும் பொரிப் பொரியாக வந்தன. ஸ்டேஷனரி கடையில் நீல ஜெலட்டின் பேப்பர் வாங்கிப் பேட் மேல் போட்டுப் பார்த்தேன். நீலம் ஏறியது, ஆனால் பேப்பரின் சுருக்கமெல்லாம் படத்தில் தெரிந்தது. தூக்கிப் போட்டுவிட்டு, ஒரே பிரேமை 8 முறை எடுத்துச் சராசரி போட்டேன். பொரி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அசைவில்லாத பொருள் என்பதில் இது ஒரு வசதி.

இவ்வளவும் முடிந்து வந்த படத்தைப் பார்த்ததும் எழுந்துபோய் ஒரு காபி போட்டேன், அவ்வளவு சந்தோஷம். முகங்கள் முகமாக இருந்தன. திரும்பி வந்து உட்கார்ந்ததும்தான் கண்ணில் பட்டது. அப்பாவின் வேட்டி மஞ்சள், தலைமுடி நீலம். வேட்டியைச் சரி செய்தால் முடி மையாக ஆகிறது. முடியைச் சரி செய்தால் வேட்டி வாழைப்பழத் தோல்.

பழைய நெகட்டிவில் வருகிற பெரிய நோய் இது. மூன்று சாயமும் ஒரே அளவு வெளுப்பதில்லை. இதில் மஞ்சள் சாயம் அதிகம் போயிருக்கிறது. நெகட்டிவில் மஞ்சள் சாயம்தான் நீலத்தின் கணக்கை வைத்திருப்பது. வெளிச்சமான இடத்தில் நிறைய சாயம் இருந்தது, அங்கே நிறைய போனது. இருட்டான இடத்தில் கொஞ்சம்தான் இருந்தது, போனதும் கொஞ்சம். அதனால் நீல வழியின் கான்ட்ராஸ்ட் மட்டும் குறைந்து, வெளிச்சம் ஒரு பக்கமும் நிழல் எதிர்ப்பக்கமும் இழுக்கிறது. இதை ஒரே ஒரு ஒயிட் பேலன்ஸால் சரி செய்யவே முடியாது. மூன்று நிறத்துக்கும் தனித்தனி அடுக்கு வேண்டும். ராதெரபியில் பச்சையை வைத்துக்கொண்டு சிவப்புக்கும் நீலத்துக்கும் தனி விகிதம் கொடுக்கலாம், அதனால்தான் அங்கே நின்றேன்.

அந்த விகிதத்தைக் கண்டுபிடிக்க நிறமே இல்லாத இரண்டு பொருள் வேண்டும். ஒன்று வெளிச்சமானது, ஒன்று இருட்டானது. லாக் (மடக்கை) எடுத்துவிட்டால் வளைவெல்லாம் நேர்கோடாகிவிடும், நேர்கோட்டுக்கு இரண்டு புள்ளி போதும். படத்தில் சாம்பலும் வெள்ளையும் கறுப்புமாக என்னென்ன இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன்.

வேட்டி வெள்ளைதானே என்று முதலில் அதைத்தான் குறித்தேன். படம் முழுக்க மஞ்சள் காமாலை வந்தது. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு அம்மா துணி அலசிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் உறைத்தது: நீலம். சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டி வெள்ளை இல்லை, இளநீலம். அதை வெள்ளை என்று மென்பொருளிடம் சொன்னால், அது நீலத்தை எல்லா இடத்திலிருந்தும் உருவிவிடும். கல்யாண வீட்டுப் பழைய படங்களில் வேட்டியையோ சட்டையையோ வைத்து நிறம் பிடிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நெற்றி விபூதி நல்ல சாம்பல்தான், ஆனால் என் படத்தில் மொத்தம் எட்டு பிக்சல்.

மிச்சம் இருந்தது கோட்டைச் சுவர். கருங்கல், வெயிலில் நன்றாக வெளிச்சமாக இருந்தது. இதிலும் ஒரு கண்ணி உண்டு. சுவரின் நிழல் விழுந்த பகுதியைத் தொடக்கூடாது. நிழலுக்கு வெளிச்சம் வானத்திலிருந்து வருகிறது, அது நிஜமாகவே நீலம். வெயில் பட்ட பகுதிதான் கணக்கு. ஆனால் கருங்கல் நிஜமாகச் சாம்பல் நிறம்தானா?

கோட்டை எங்கேயும் போய்விடவில்லை. 16-ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கேயேதான் இருக்கிறது, என் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் கொஞ்ச நேரம். ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, நிறம் சரிபார்க்க வைக்கிற சுத்தச் சாம்பல் அட்டையான 18 சதவீத கிரே கார்டையும் கேமராவையும் எடுத்துக்கொண்டு போனேன். பிரிண்டின் வாட்ஸ்அப் படத்தை வைத்துக்கொண்டு சுவரில் கல் கல்லாகத் தேடினேன். இரண்டு பெரிய கல்லுக்கு நடுவில் ஒரு சின்னக் கல் ஆப்பு வைத்த மாதிரிச் செருகியிருக்கும், அம்மாவின் தோளுக்கு மேலே. இருபது நிமிஷத்தில் கிடைத்தது. அந்த இடத்தில் இப்போது யாரோ இதயம் வரைந்து இரண்டு இனிஷியல் கிறுக்கியிருந்தார்கள். அதைத் தவிர்த்து, பக்கத்துக் கல்லில் அட்டையைச் சாய்த்துப் படம் எடுத்தேன். அட்டையை ஒட்டி நாலு இடத்தில் எடுத்தேன்.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்தார். "இன்னா சார், கோட்டைக்கு பெயின்ட் அடிக்கப் போறாங்களா?"

"இல்லைங்க, கல்லு இன்னா கலர்னு பாக்குறேன்."

"கல்லு கல்லு கலர்தான்" என்று சொல்லிவிட்டு ஜலகண்டேஸ்வரர் கோயில் பக்கம் நடந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அளந்தால் கல் கல் கலரில் இல்லை. அட்டையை 100, 100, 100 என்று வைத்தால் கல் 107, 100, 88. கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிகிற கருங்கல் நிஜத்தில் கொஞ்சம் சந்தனம் கலந்தது. செம்மண் தூசியும் காய்ந்த பாசியும் ஏறியிருக்கும். அன்றைய வெயில் வேறு, மாதம் வேறு; ஆனால் அட்டையும் கல்லும் ஒரே வெயிலில் நிற்பதால் வெயிலின் நிறம் அடிபட்டுப் போகும், கல்லின் சொந்த நிறம் மட்டும் மிஞ்சும். 38 வருஷத்தில் கல் கொஞ்சம் மாறியிருக்கலாம். வேட்டியைவிட இதை நம்பலாம்.

வெளிச்சமான புள்ளி கிடைத்தது. இருட்டான புள்ளிக்குப் பாட்டியின் கறுப்புக் குடை. நேர் வெயிலில் விரித்த கறுப்புத் துணி, இதைவிட என்ன வேண்டும். இரண்டு இடத்திலும் மூன்று நிறத்தின் எண்களைக் குறித்து, எக்செல்லில் லாக் போட்டு, கல் 107, 100, 88-க்கும் குடை சம எண்களுக்கும் வரும்படி கணக்குப் போட்டேன். பச்சைக்கு 1 என்றால் சிவப்புக்கு 1.31, நீலத்துக்கு 1.22 வந்தது. கெடாத பிலிமில் நீலம் 1-க்குக் கீழே வரும். மஞ்சள் சாயம் எவ்வளவு போயிருக்கிறது என்று அந்த எண்ணிலேயே தெரிந்தது.

போட்டுப் பார்த்தேன். வேட்டி லேசான நீலம் கலந்த வெள்ளையாக, அப்போதுதான் அலசிக் காயவைத்த மாதிரி வந்தது. அதை நான் தொடவே இல்லை, தானாக வந்தது. அப்பா கறுப்பாக, வெயிலில் அலைந்த கறுப்பாக வந்தார்.

புடவைதான் நிஜப் பரீட்சை என்று வைத்திருந்தேன். அது ஆரணிப் பட்டு, அரக்கு உடம்பு, மாம்பழக் கலர் பார்டர் என்று அம்மா சொல்வார். புடவை இல்லை. பழைய பட்டு வாங்குகிறவர் தெருவில் வந்தபோது ஜரிகைக்காகப் போட்டு, அந்தக் காசில் அக்காவுக்குத் தோடு வாங்கினார்கள். ஜாக்கெட் மட்டும் பீரோவில் இருந்தது, புடவையிலேயே வெட்டித் தைத்தது. வெளிப்பக்கம் வெளுத்துச் செங்கல் நிறமாகிவிட்டது. கைப்பக்கம் தையலைக் கொஞ்சம் பிரித்து மடிப்பை விரித்தால், உள்ளே அரை அங்குலத்துக்கு வெயிலே பார்க்காத துணி. இரத்தம் காய்ந்த மாதிரி அடர் சிவப்பு, சாய்த்தால் ஓரத்தில் கத்தரிப்பூ நிறம் ஓடியது. ஊடையில் வேறு நூல் போட்டிருப்பார்கள் போல. அதையும் கிரே கார்டோடு வெயிலில் படம் எடுத்துத் திரையில் பக்கத்தில் வைத்தேன். பிலிமின் சாயமும் பட்டின் சாயமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது, அச்சு அசலாக வராது என்று தெரியும். இருந்தாலும் அண்ணன் தம்பி என்று சொல்கிற அளவுக்கு வந்திருந்தது.

நடுவில் ஒரு நாள் ராத்திரி எல்லாம் திடீரென்று செம்மையாகத் தெரிந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து நீலத்தை ஏற்றித் திருத்தினேன். காலையில் பார்த்தால் பனிக்காலத்துக் காஷ்மீர். லேப்டாப்பில் ஏழு மணிக்கு மேல் 'நைட் லைட்' தானாகப் போட்டுக்கொள்கிறது. அதை அணைத்துவிட்டு முந்தைய ஃபைலுக்குத் திரும்பினேன்.

தூசிப் புள்ளிகளை அழிப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது. நல்ல ஸ்கேனர்களில் இன்ஃப்ராரெட் வைத்துத் தூசியைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி உண்டு. கேமராவில் எடுத்தால் அது கிடையாது, கையால்தான்.

பெரிதாகப் போடுவதற்கு முன் சோதனைக்கு ஒரு மேக்ஸி சைஸ் பிரிண்ட் போடக் கொடுத்தேன். அது பச்சையாக வந்தது. லேப் மெஷின் தன் பங்குக்குத் திருத்தியிருக்கிறது. "கரெக்‌ஷன் எதுவும் போடாதீங்க, ஃபைல்ல இருக்கிற மாதிரியே போடுங்க" என்று கவர் மேலேயே பேனாவால் எழுதிக் கொடுத்ததும் இரண்டாவது பிரிண்ட் திரையில் பார்த்த மாதிரி வந்தது. அதை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். புடவையைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தேன்.

"உங்கப்பாவுக்கு எப்படா செம்பட்டை முடி இருந்தது?"

உற்றுப் பார்த்தேன். ஆமாம், முடியில் ஒரு பழுப்பு. வெயில் பட்டதால் அப்படி என்று நான் விட்டிருந்தேன்.

"நல்லெண்ணெய் தேய்ச்சு, கன்னங்கரேல்னு இருக்கும்டா. எங்கப்பாகூட அதைத்தான் சொல்லுவாரு." திரும்பப் படத்தைப் பார்த்தார். "குடையும் இப்படி இல்ல."

"கறுப்புக் குடைதானே?"

"யார்ரா சொன்னது? கருநீலம். உங்க அத்தையோட குடை, அன்னைக்குப் பாட்டி வாங்கிட்டு வந்தாங்க. மழையில நனைஞ்சா சாயம் போகும் அது."

கருநீலக் குடையைக் கறுப்பு என்று நான் கணக்கில் எழுதியிருக்கிறேன். குடையில் இருந்த நீலத்தைக் கோளாறு என்று நினைத்து மென்பொருள் உருவியிருக்கிறது; படத்தில் இருட்டான இடம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் சேர்த்து உருவியிருக்கிறது. முடி செம்பட்டை ஆனது அதனால்தான். வெளிச்சமான புள்ளி சுவரோடு கட்டுப்பட்டிருந்ததால் வேட்டியும் புடவையும் தப்பித்திருக்கின்றன.

குடையை விட்டுவிட்டு அப்பாவின் முடியையே எடுத்தேன். உச்சியில் எண்ணெய் மினுமினுப்பில் வானம் தெரிகிறது, அந்த இடம் ஆகாது. காதுக்கு மேலே, மினுக்காத ஒரு சின்ன இடம், 20 பிக்சல் சதுரம். நீல விகிதம் 1.22-லிருந்து 1.13-க்கு இறங்கியது. முடி கறுத்தது. குடை, நான் எதுவும் செய்யாமலே, கருநீலமாக வந்து நின்றது. புடவை ஒரு இழை குளிர்ந்து, தையல் மடிப்புக்கு இன்னும் பக்கத்தில் போனது.

12-க்கு 18 அங்குலத்தில் போட்டு, மேட் பேப்பர், அக்கா வீட்டு ஹாலில் மாட்டியாகிவிட்டது. அப்பா ஏன் இவ்வளவு கறுப்பாக இருக்கிறார் என்று அவள் மாமியார் கேட்டாராம். அக்கா பதில் சொல்லிக்கொண்டாள்.

இன்னும் ஒன்றரை ரோல் இருக்கிறது. அடுத்த ஸ்ட்ரிப் மண்டபத்துக்குள் எடுத்தது. பச்சை டிஸ்டெம்பர் சுவர், மேலே டியூப்லைட், முன்னால் மாமாவின் பிளாஷ், மூன்று வெளிச்சமும் ஒரே பிரேமில். ஓரத்தில் எவர்சில்வர் மாதிரி ஒரு குடம் தெரிகிறது. அது யார் வீட்டுக் குடம், பித்தளையா எவர்சில்வரா என்று முதலில் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் கை வைக்கப் போகிறேன்.